மேலிருந்து நாலாவது படி

முட்டுவலி என்று நான் முதன்முதலில் பொய் சொன்னபோது எனக்கு வயது முப்பத்திரண்டு. காரைக்குடியில் ஓர் உறவினர் வீட்டுக் கிரகப்பிரவேசம். வந்தவர்கள் எல்லோரும் மாடியைப் பார்க்க ஏறினார்கள். புது வீடு, புதுக் கிரானைட், கைப்பிடி இன்னும் வைக்கவில்லை. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் வெறும் வெளி. "வாங்க, மாடி பாக்கலையா" என்று வீட்டுக்காரி கையைப் பிடித்து இழுத்தாள். அந்த நேரத்தில் வாயில் வந்த வார்த்தைதான் முட்டுவலி. அவள் முகம் உடனே இளகிவிட்டது. நாற்காலி வந்தது, மோர் வந்தது, முடவாட்டுக்கால் கிழங்கில் சூப்பு வைத்துக் குடிக்கச் சொல்லி யோசனையும் வந்தது. நம் ஊரில் வலிக்கு நாற்காலி கிடைக்கும், பயத்துக்குச் சிரிப்புதான் கிடைக்கும் என்று அன்றைக்கே புரிந்துவிட்டது. அதன்பிறகு இருபது வருஷம் அந்த முட்டுவலியைப் பத்திரமாக வளர்த்தேன். ஆளுக்கொரு காலைச் சொல்லி மாட்டிக்கொள்ளக் கூடாது என்று, இடது கால்தான் என முடிவு செய்து வைத்திருந்தேன். இப்போது ஐம்பதைத் தாண்டியாயிற்று, நிஜமாகவே வலிக்கிறது. வலது கால். யாரிடம் போய்ச் சொல்வது?

எனக்குப் படிக்கட்டு என்றால் பயம். ஏறுவதைக்கூட எப்படியோ சமாளித்துவிடுவேன், இறங்குவதுதான் ஆகாது. உயரம் என்றால் பயமா என்று உடனே கேட்பார்கள். இல்லை. பழனியில் ரோப் காரில் போகும்போது கீழே எட்டிப் பார்த்துக்கொண்டே, அது என்ன மரம், இது யார் தோப்பு என்று பேசிக்கொண்டு போகிற ஆள் நான். ஏணியில் ஏறிப் பரணிலிருந்து பித்தளை அண்டாவை இறக்கியிருக்கிறேன். ஏணி நம் கைக்குள் இருக்கிறது, முகத்துக்கு நேரே இருக்கிறது. படிக்கட்டு அப்படியில்லை. முகம் வெட்டவெளியைப் பார்த்துக்கொண்டிருக்க, கால் மட்டும் தனியாகக் கீழே போய் இடம் தேட வேண்டும். மேல்படியில் நின்று பார்த்தால் கீழே உள்ள விளிம்புகளெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே சரிவாகத் தெரியும். உள்ளங்கால் கூசும். இடது கை கொசுவத்தைப் பிடித்திருக்கும், வலது கை எதையாவது பிடிக்கத் தேடும். பின்னால் ஆள் வருகிற சத்தம் கேட்டால் போச்சு. சுவரோடு ஒட்டிக்கொண்டு "நீங்க போங்க, நீங்க போங்க" என்று அத்தனை பேரையும் அனுப்பிவிட்டு, கடைசி ஆளாக, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்குவேன்.

எல்லாப் படியும் ஒன்றில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஊருணிப் படிக்கட்டில் எனக்குப் பயமே கிடையாது. செம்பூராங்கல்லில் அகலமாகக் கட்டியது, அடியில் தண்ணீர், வழுக்கினால் குளித்துவிட்டு வரலாம். ஆனால் இரும்புச் சட்டத்தில் பலகையை மட்டும் பொருத்தி, இடைவெளி வழியே தரை தெரிகிற படிக்கட்டுகளை இப்போது கடைகளில் வைக்கிறார்களே, அதைக் கண்டுபிடித்தவர் என் கண்ணில் படக் கூடாது. பூப்போட்ட ஆத்தங்குடி டைல்ஸைப் படியில் பதிப்பதும் அப்படித்தான். கண்ணாடித் தகட்டின்மேல் வார்த்து எடுப்பதால் வருகிற பளபளப்பும் பூக்களும் தரையில் இருக்கும்வரை கண்ணுக்கு அழகு. அதையே படியில் பதித்தால் ஒரு படி எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் பூ எல்லாவற்றையும் மூடிவிடும்.

"எப்போ விழுந்தீங்க?" இதுதான் எல்லோரும் கேட்கும் அடுத்த கேள்வி. ஒரு விழுந்த கதை இருந்தால் அவர்களுக்கும் திருப்தி, எனக்கும் கௌரவம். ஆனால் நான் படியில் விழுந்ததே இல்லை.

விழாமல் போன ஒரு கதைதான் இருக்கிறது. பள்ளத்தூரில் எங்கள் வீடு. பர்மாவில் கொண்டுவிற்ற, அதாவது தொழில் செய்த, காலத்தில் அப்பச்சியின் (அப்பாவின்) ஐயா கட்டியது. முகப்பில் நின்று பார்த்தால் வளவு என்னும் நடுமுற்றம், இரண்டாம் கட்டு எல்லாவற்றையும் தாண்டி அடுத்த தெரு வெளிச்சம் தெரியும். அத்தனை தாராளமாகக் கட்டிய மனிதர் மாடிப்படிக்கு இடம் விடுவதில் மட்டும் கஞ்சத்தனம் செய்திருக்கிறார். பட்டாலை என்னும் கூடத்தின் மூலையில், இரண்டு சுவர்களுக்கு நடுவே, கதவைத் திறந்தால்தான் இருப்பதே தெரியும். பர்மாத் தேக்குப் பலகை, உள்ளே இருட்டு, ஆள் எதிரே வந்தால் ஒதுங்க இடமில்லை. மாடியில் குடியிருப்பவர் யாருமில்லை. சாமான் வைக்கத்தானே என்று நினைத்திருப்பார்.

எனக்குப் பத்து வயது இருக்கும். வீட்டில் ஏதோ விசேஷம். மேலே போய் ஜமுக்காளம் எடுத்துவரச் சொன்னார்கள். ஏறிவிட்டேன். ஜமுக்காளத்தைக் கட்டிக்கொண்டு இறங்க நின்றபோது கால் வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன். கீழே அண்ணனும் மற்ற பிள்ளைகளும் கதவருகில் கூடி நின்று சிரித்தார்கள். அப்பத்தா வந்து அவர்களை விரட்டிவிட்டுச் சொன்னது: "எண்ணிக்கிட்டே இறங்கு. லாபம், நஷ்டம், லாபம், நஷ்டம்னு. கடைசிப் படி லாபமாத்தான் முடியும். செட்டி வீட்டுப் படி." பதினேழு படிகள். மாடிப்படி ஒற்றைப்படையில் முடிய வேண்டும் என்பது பழைய கணக்கு. முதல் லாபம், முதல் நஷ்டம், அடுத்த லாபம், மூன்றும் ஒழுங்காக வந்தன. இரண்டாவது நஷ்டத்தில் கால் அந்தரத்தில் போயிற்று. தரை இருக்க வேண்டிய இடத்தில் தரை இல்லை. ஒரு கணம்தான், உடனே பலகை காலில் பட்டுவிட்டது, கை சுவரைப் பிடித்துவிட்டது. விழவில்லை. மீதியை உட்கார்ந்தபடியே இறங்கினேன். அந்தக் கணம் மட்டும் உடம்புக்குள் தங்கிவிட்டது. பிறகு எந்த ஊரில் எந்தப் படியில் நின்றாலும், அடுத்த படி இல்லாமல் போய்விடும் என்று கால் முன்கூட்டியே நம்பத் தொடங்கியது.

அடிவாரத்துச் சிவன்

பயந்தவர்களுக்கு வரைபடம் தனி. காரைக்குடியில் எந்த ஜவுளிக்கடையில் லிஃப்ட் இருக்கிறது, எந்த வங்கிக் கிளை தரைத்தளம், எந்தக் கல்யாண மண்டபத்தில் பந்தி கீழே நடக்கும் என்று என்னைக் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். பிள்ளையார்பட்டி கற்பக விநாயகர் குடைவரைக்குள் தரையோடு உட்கார்ந்திருப்பது எனக்காகத்தான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். குன்றக்குடிதான் சங்கடம். சண்முகநாதர் மலைமேல் இருக்கிறார். பெரிய மலை ஒன்றும் இல்லை, கிழவிகள்கூட வெற்றிலை மென்றுகொண்டு ஏறிவிடுவார்கள். நான் குடும்பத்தோடு போகும்போதெல்லாம் அடிவாரத்திலேயே பிரிந்துவிடுவேன். கீழே பாறையைக் குடைந்த சிவன் கோயில் இருக்கிறது. கூட்டம் இருக்காது, பழைய காலத்துச் சிற்பங்களை நிதானமாகப் பார்க்கலாம். இப்படி வருஷக்கணக்கில் கீழேயே நின்றதில் எனக்குச் சிவபக்தி அதிகம் என்று உறவில் பெயர் வந்துவிட்டது. பிரதோஷம் என்றால் எனக்குத்தான் முதலில் ஃபோன் வரும்.

பழனி இன்னும் வேடிக்கை. தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடி குன்றக்குடியிலிருந்து நடந்தே பழனிக்குப் போகும். ஒரு வருஷம் நானும் நடந்தேன். நாள் கணக்கில் நடை, காலெல்லாம் கொப்புளம், ஒரு முணுமுணுப்பு கிடையாது. பழனி போய்ச் சேர்ந்து அந்த எழுநூறுக்குக் கொஞ்சம் குறைவான படிகளுக்கு முன்னால் நின்றபோது, பயணம் முழுக்க என்னோடு வந்த ஆச்சி திரும்பிப் பார்த்து, "இவ்வளவு தூரம் நடந்து வந்தவுக, இந்தப் படிக்கா நிக்கிறீக?" என்றார்கள். பழனியில் விஞ்ச் 1966-லேயே வந்துவிட்டது, ரோப் கார் 2004-ல் வந்தது. ஆனால் நடந்து வந்தவள் கடைசியில் வண்டி ஏறினால் நேர்த்திக்கடன் என்ன ஆவது? யானைப்பாதை என் மானத்தைக் காப்பாற்றியது. அகலமாக, சரிவாக, மலையைச் சுற்றிக்கொண்டு போகிற வழி. யானைக்காகப் போட்ட பாதையில் நான் தலை நிமிர்ந்து நடந்தேன்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். ஒன்றை மட்டும் அப்படிச் சொல்ல முடியவில்லை. என் மகள் கல்லூரி விடுதியில் நாலு வருஷம் இருந்தாள். மூன்றாவது மாடி. அவள் இருந்த அறையை நான் பார்த்ததே இல்லை. மாதம் ஒருமுறை போவேன், கீழே வேப்பமரத்தடியில் நின்று பலகாரத் தூக்கைக் கொடுப்பேன், முட்டுவலி என்பேன், திரும்பிவிடுவேன். அவள் வேலைக்குப் போய், கல்யாணமும் ஆன பிறகு ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னாள்: "உனக்கு என் ரூம்மேட்டைப் பிடிக்கலைன்னு நினைச்சேன்மா. அவ வேற சாதிங்கறதால நீ மேல வரலைன்னு அவளும் நினைச்சா." அந்தப் பெண் நாலு வருஷமும் என் அதிரசத்தைச் சாப்பிட்டிருக்கிறாள், நான் தன்னைப் பார்க்க மாட்டேன் என்று நினைத்துக்கொண்டே. அன்று ராத்திரிதான் மகளிடம் உண்மையைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அப்போ அந்த முட்டுவலித் தைலமெல்லாம்?" என்று கேட்டாள். அலமாரியைத் திறந்து காட்டினேன். ஒன்பது பாட்டில்.

ஏணி வைத்தியம்

மதுரையில் ஒரு மனநல மருத்துவரிடம் மகள்தான் கூட்டிக்கொண்டு போனாள். இப்படியொரு பயம் இருக்கிறது, அதற்குப் பெயரும் இருக்கிறது என்று அங்கேதான் தெரிந்தது. கிளைமகோபோபியா. கிரேக்கத்தில் 'கிளைமாக்ஸ்' என்றால் ஏணியாம். நம் ஊரில் படம் பார்த்துவிட்டு வந்து கிளைமாக்ஸ் சரியில்லை என்கிறோமே, அதே வார்த்தை. மருத்துவர் இளைஞர், பொறுமைசாலி. "பயப்படாதீங்க, படிப்படியாப் போகலாம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு ஏன் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

வேறு என்ன சொல்வார், பாவம். தமிழில் படியை மிதிக்காமல் நாலு வாக்கியம் பேச முடியாது. பள்ளிக்கூடத்தில் படிக்கிறோம், கோர்ட்டுப் படி ஏறுகிறோம், கோபம் வந்தால் உன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன் என்கிறோம். மேலே இருக்கிறவன் படியளக்கிறான்.

வைத்தியத்தின் பெயரும் ஏணிதான். ஒரு காகிதத்தில் ஏணி வரைந்து, அடிப்படியில் எனக்குக் குறைந்த பயம் தரும் காரியத்தையும் உச்சியில் அதிகப் பயம் தருவதையும் எழுதச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு எத்தனை பயம் என்று மதிப்பெண். கீழேயிருந்து தொடங்கி, பயம் பாதியாகக் குறையும்வரை அதே படியில் நிற்க வேண்டும். குறைவதற்கு முன்னால் ஓடி வந்துவிடக் கூடாது. ஓடிவந்தால் தப்பித்தோம் என்ற நிம்மதியே பயத்துக்குச் சாப்பாடாகிவிடுமாம். இந்த முறைக்கு வயது நூறு. 1924-ல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் பெண், முயலைக் கண்டு அலறிய மூன்று வயதுப் பையன் ஒருவனிடம், அவன் சாப்பிடும் நேரத்தில் முயலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவந்து பயத்தைப் போக்கியிருக்கிறார்.

காரைக்குடியில் எங்கள் வீட்டு மொட்டைமாடிக்கு இருபத்தொரு படிகள், நடுவில் திரும்பும் இடம். அதுவரை மொட்டைமாடியில் வத்தல் காயப்போடுவது என் வீட்டுக்காரரின் வேலை. தெருவில் அவருக்கு நல்ல மாப்பிள்ளை என்று பெயர். அந்தப் படியில் மூன்று மாதம் நின்றேன். மூன்றாவது படியில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற நாட்களில் பால்காரர் என்னை எப்படி நினைத்தாரோ தெரியாது. இன்னொன்றும் அப்போது தெரிய வந்தது. பைஃபோகல் கண்ணாடியின் கீழ்ப்பாதி படிப்பதற்கானது. அதன் வழியே குனிந்து பார்த்தால் படியின் விளிம்பு மங்கலாகத்தான் தெரியும். நடப்பதற்குத் தூரப்பார்வைக் கண்ணாடி தனியாக ஒன்று வாங்கினேன். அது பாதி வைத்தியம் செய்தது. மூன்றாம் மாத முடிவில் வத்தல் தட்டோடு ஏறி இறங்கிவிட்டேன். வீட்டுக்காரர் பதவி இழந்தார்.

மருத்துவர் சொன்ன இரண்டு சோதனைகள் எனக்குப் பிடித்திருந்தன. 1960-ல் எலினார் கிப்சன், ரிச்சர்ட் வாக் என்ற இருவர் ஒரு பெரிய மேஜையை முழுக்கக் கண்ணாடியால் மூடி, பாதிக்கு அடியில் கட்டம்போட்ட துணியைக் கண்ணாடியோடு ஒட்டியும், மறுபாதிக்கு ரொம்பக் கீழே தரையிலும் விரித்தார்கள். அந்தப் பாதி பள்ளம் மாதிரித் தெரியும். தவழ்கிற குழந்தைகள் 36 பேரை நடுவில் விட்டு, அம்மாவை அந்தந்தக் குழந்தையைக் கூப்பிடச் சொன்னார்கள். இடத்தை விட்டு நகர்ந்த 27 பேரில் பள்ளத்தின் மேல் போனது 3 பேர்தான். ஆக, கால் வைக்கும் முன் ஆழம் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1985-ல் வேறு சிலர் இதையே வேறு விதமாகச் செய்தார்கள். ஒரு வயதுக் குழந்தைகள், ஓர் அடிப் பள்ளம். அந்தப் பக்கம் அம்மா சிரித்த முகத்தோடு நின்றபோது 19 குழந்தைகளில் 14 கடந்தன. அம்மா பயந்த முகம் காட்டியபோது 17-ல் ஒன்றுகூடக் கடக்கவில்லை. என் படிக்கு அடியிலும் சிரித்த முகங்கள்தான் நின்றன, ஆனால் அது வேறு சிரிப்பு. அந்தச் சிரிப்பை வைத்து யாராவது சோதனை செய்திருக்கிறார்களா என்று கேட்டேன். மருத்துவரும் சிரித்துவிட்டார். சரி போகட்டும்.

வைத்தியம் பலித்தது. கடைப் படி, வங்கிப் படி, ஒருமுறை குன்றக்குடியில் பாதி மலை. பள்ளத்தூர் வீட்டுப் படி மட்டும் என் காகித ஏணியின் உச்சியில் நூற்றுக்கு நூறு வாங்கிக்கொண்டு அப்படியே இருந்தது.

ஒன்றே முக்கால் இஞ்ச்

அண்ணனுக்கு அறுபது ஆயிற்று. சாந்தியை, அதாவது அறுபதாம் கல்யாணத்தை, பள்ளத்தூர் வீட்டில்தான் செய்ய வேண்டும் என்று முடிவு. வருஷத்தில் முக்கால்வாசி நாள் பூட்டிக் கிடக்கிற வீடு. ஒழுகுகிற இடம் பார்க்க வேண்டும், வெள்ளையடிக்க வேண்டும், மாடிப்படியில் ஒரு பலகை விரிசல் விட்டுக் கிடந்தது. அண்ணன் சென்னையில் இருந்ததால் மேற்பார்வை என் தலையில். ஆசாரி வந்தார், எழுபதை நெருங்கும் வயது. கதவைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டு, "விளக்கைப் பிடிச்சிக்கிட்டு கொஞ்சம் மேல வாங்க ஆச்சி" என்றார். முட்டுவலி என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்தப் பொய்யை இனிச் சொல்வதில்லை என்று மருத்துவரிடம் ஒப்புக்கொண்டிருந்தேன். "நான் வரலை ஆசாரி. எனக்குப் படியில இறங்கப் பயம்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை, தைரியமும் சொல்லவில்லை. "எந்தப் படி?" என்றார்.

நாற்பது வருஷத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. எப்போதிருந்து, எதனால், எப்போ விழுந்தீங்க, இவ்வளவு படிச்ச நீங்களா, இதெல்லாம் கேட்டிருக்கிறார்கள். மருத்துவர்கூட எத்தனை பயம் என்றுதான் கேட்டார். எந்தப் படி என்றதும் என் வாய் யோசிக்காமல் சொன்னது: "மேலேருந்து நாலாவது." சொன்ன பிறகுதான் அது எனக்கே தெரிந்தது.

ஆசாரி டேப்பை எடுத்தார். கீழ்ப்படியிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக அளந்துகொண்டே போனார். நான் கதவருகில் நின்று, சாந்திக்கு வாங்கி வைத்திருந்த மொய் நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்தேன். ஒம்பதரை, ஒம்பதரை, ஒம்பதரை. பதினாலு படிவரை அதே ஒம்பதரை இஞ்ச். குரல் மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. அப்புறம் கொஞ்சம் சத்தமில்லை. "பதினஞ்சாவது ஏழே முக்கால்" என்றார். பதினாறும் ஏழே முக்கால். பதினேழு ஏழரை. கூட்டிப் பார்த்தேன், 156 இஞ்ச், சரியாகப் பதின்மூன்று அடி.

கீழே வந்து திண்ணையில் உட்கார்ந்து, வெற்றிலையை எடுத்துக்கொண்டு விளக்கினார். முதலில் ஒம்பதரை என்று வைத்துக் கட்டிக்கொண்டே போயிருப்பார்கள். பதினாலு முடிந்ததும் மேலே 23 இஞ்ச் மிச்சம். அதை இரண்டாகப் பிரித்தால் படிக்குப் பதினொன்றரை, காலைத் தூக்க முடியாது. அதுவும் போக, மொத்தம் பதினாறு, இரட்டைப்படை, நஷ்டத்தில் முடியும். செட்டியார் ஒத்துக்கொள்வாரா? மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். படி பதினேழு, லாபம். "ஏறும்போது தெரியாது ஆச்சி. கால் கொஞ்சம் சீக்கிரமாப் பலகையில படும், அவ்வளவுதான். இறங்கும்போதுதான் வம்பு. கால் மொத ரெண்டு மூணு படியில அளவு எடுத்துக்கிரும், அப்புறம் கண்ணைக் கேக்காது. ஏழே முக்கால்னு எடுத்துக்கிட்டு நாலாவதுல வைக்கும். அங்க ஒம்பதரை. ஒன்னே முக்கால் இஞ்ச் அந்தரம்."

இன்றைய தேசியக் கட்டிட விதித்தொகுப்பின்படி வீடுகளில் படியின் உயரம் 190 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, கால் வைக்கும் மிதி 250-க்குக் குறையக் கூடாது. சுமாராக ஏழரை இஞ்ச், பத்து இஞ்ச். எங்கள் படியின் மிதி எட்டரைதான். இப்படிப் பார்த்தால் அந்தப் படிக்கட்டில் விதிக்குப் பக்கத்தில் வருகிறவை அந்த மேல் மூன்று படிகள்தான். தப்பான பதினாலும் ஒரே மாதிரி தப்பாக இருந்ததால் யாருக்கும் தொந்தரவில்லை. நல்ல மூன்றைக் கொண்டுபோய் அவற்றோடு சேர்த்ததில்தான் வினை. கட்டிடக்காரர்கள் உயரத்தைவிட, எல்லாப் படியும் ஒரே அளவாக இருப்பதற்கு ஏன் அவ்வளவு அடித்துக்கொள்கிறார்கள் என்று எனக்கு விளங்கியது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இதையெல்லாம் எழுத வைத்தது. பலகையை மாற்றுவதற்காக ஆசாரி ஒரு பெரிய எல்இடி விளக்கை உள்ளே மாட்டினார். அந்தப் படிக்கட்டில் அவ்வளவு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய பழைய சுவர், இன்னும் வழவழப்பாக, பால் வெள்ளையாக இருந்தது. ஓர் இடத்தைத் தவிர. மேலிருந்து நாலாவது படிக்கு நேரே, இறங்குகிறவர்களின் வலது கை போகிற இடத்தில், இரண்டு உள்ளங்கை அகலத்துக்குச் சுவர் பழுப்பாக, எண்ணெய் ஏறி, மினுங்கிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே சுத்தம். கீழேயும் அங்கங்கே லேசான அழுக்குத்தான். "எல்லாரும் இங்கதான் கை வச்சிருக்காக" என்றார் ஆசாரி, சாதாரணமாக.

எல்லாரும் என்றால் யார் யார்? கட்டியவர். சமையல்காரர்கள், சாமான் தூக்கியவர்கள். எண்ணிக்கொண்டே இறங்கச் சொன்ன அப்பத்தா. ஆத்தா. அப்பச்சி. கதவருகில் நின்று சிரித்த அண்ணனும் அத்தனை பிள்ளைகளும். ஒவ்வொருவரும் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் சுவரைப் பிடித்திருக்கிறார்கள். ஒருவர்கூட வாயைத் திறந்து சொன்னதில்லை. சொல்லவில்லை என்பதுகூடத் தப்பு, அவர்களுக்கே தெரிந்திருக்காது. கை தானாகப் போயிருக்கும். என் கை போனபோது மட்டும் எனக்குத் தெரிந்துவிட்டது.

மருத்துவருக்கு ஃபோன் செய்து சொன்னேன். சந்தோஷப்பட்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரிதான், ஆனா உங்க உறவுக்காரர் வீட்டுக் கிரானைட் படி ஒழுங்கான அளவுலதானே இருந்திருக்கும்?" என்றார். இருந்திருக்கும். அதே சுவரில் கை வைத்த அத்தனை பேரும் பயமில்லாமல் குன்றக்குடி ஏறினார்கள் என்பதும் உண்மை. ஒன்றே முக்கால் இஞ்ச் என் பயத்துக்கு முழுக் கணக்கு ஆகாது. ஆனால் இத்தனை காலம் மனசில்தான் கோளாறு, படியில் ஒன்றுமில்லை என்றார்களே, அந்தக் கணக்கும் தப்பு. அதை அவரிடம் கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

அண்ணன் ஊரிலிருந்து வந்ததும் மொய் நோட்டைக் காட்டினேன். "அதனால என்னத்தா, நாங்கள்லாம் ஏறி இறங்கலையா?" என்றது. பேசாமல் கூட்டிக்கொண்டு போய் விளக்கைப் போட்டேன். மேலே போய் இறங்கிவரச் சொன்னேன். இறங்கியது. நாலாவது படியில் கை சுவருக்குப் போனது, சரியாக அந்தப் பழுப்பின் மேல். அப்படியே நின்று, எடுத்துப் பார்த்தது, மறுபடி வைத்துப் பார்த்தது. அப்புறம் பந்தல்காரன் வந்துவிட்டான் என்று போய்விட்டது. அண்ணமிண்டிதான் (அண்ணன் மனைவி) அன்று மாலை ஆசாரியிடம், எல்லாப் படியையும் ஒரே அளவாக்க என்ன செலவாகும் என்று விசாரித்தது. மொத்தத்தையும் பிரித்துச் செய்ய வேண்டும், படிக்கு ஒன்பதே கால் இஞ்சுக்குக் கொஞ்சம் குறைவாக வரும், தேக்கு விலைக்கு இப்போது முடியாது என்றார். பங்காளிகள் எல்லோரையும் வேறு கேட்க வேண்டும். கடைசியில் சுவரோடு ஒரு தேக்குக் கம்பு, கைப்பிடியாக. அதுவே எனக்குப் போதும். வெள்ளையடிக்க வந்தவர் அந்தப் பழுப்பைச் சுரண்டப் போனார். விட்டுவிடச் சொன்னேன். விசேஷ வீட்டில் அழுக்கை விடச் சொல்கிற ஆச்சியை அவர் ஒரு மாதிரிதான் பார்த்தார்.

சாந்தியன்று காலையில் ஜமுக்காளம் பற்றாமல் போயிற்று. நானே போனேன். ஏறினேன். இறங்கும்போது நாலாவது படியில் நின்று, "ஒன்னே முக்கால்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் காலை வைத்தேன். உள்ளங்கால் கூசத்தான் செய்தது. நூற்றுக்கு அறுபது போடலாம். பதினேழு படிக்கும் சேர்த்துக் கீழே வர ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். பந்திக்கு ஆள் உட்கார்ந்துவிட்டார்கள், ஜமுக்காளத்தை யாரும் கேட்கவில்லை.

மத்தியானம் வெள்ளைப் பணியாரத் தட்டை வைத்துக்கொண்டு படிக்கட்டுக் கதவருகில் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் பேத்தி, ஏழு வயது, பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேலேயிருந்து தடதடவென்று ஓடி வந்தாள். கைப்பிடி அவளுக்கு உயரம். நாலாவது படியில் அவள் வலது கை சுவரைத் தட்டிவிட்டுத் திரும்பியது, பழுப்புக்கு ஓர் அடி கீழே, இன்னும் வெள்ளையாக இருந்த இடத்தில்.

"அங்க ஏன் சுவத்தைத் தொட்டே?" என்று கேட்டேன்.

"எங்க?" என்றாள். "நான் தொடலையே." தட்டிலிருந்து ஒரு பணியாரத்தை எடுத்துக்கொண்டு மறுபடி மேலே ஓடினாள்.